ஈரம் குடித்த பலகைகள்

நேற்றும் தேய்த்திருந்தாள், முந்தாநாளும் தேய்த்திருந்தாள். இன்று காலை கறை இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. முழங்காலிட்டு, பழைய பனியன் துணியை முறுக்கிப் பிழிந்து, மரத்தின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்த்தாள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்று கணவன் சொல்லிக்கொடுத்திருந்தான். துணியில் இருக்கிற ஈரம் கைக்குத் தெரியலாம், தரைக்குத் தெரியக் கூடாது என்பான். கூடத்திலிருந்து மாமனாரின் அறைக்குத் திரும்பும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் வெளுத்துப் பொரிந்திருந்தது. அதன் அடியில் மரம் மையைக் குடித்ததுபோல் கிடந்தது.

"தேய்க்காத. இது தேய்ச்சுப் போற கறை இல்ல" என்றான் கணவன். காபி டம்ளரோடு அவள் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தான். "உள்ள இறங்கிடுச்சு. பலகையைத்தான் எடுக்கணும்."

"ஒரு பலகைதானே."

"ஒரு பலகையா? வாசல்கிட்ட ஒண்ணு, நாற்காலிகிட்ட ஒண்ணு, இங்க ஒண்ணு. மாத்தின பலகை மாத்தின பலகையாத்தான் தெரியும். பல்லு கட்டின மாதிரி." கடைசி வாய் காபியைக் குடித்தான். "ஞாயித்துக்கிழமை காலைல அவன் வண்டி எடுத்துட்டு வரேன்னிருக்கான்."

அவன் என்றால் ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பன், நாயைக் கொண்டுபோக வருகிறவன். அவள் துணியை மடித்து இன்னொரு பக்கத்தால் தேய்த்தாள்.

"அங்க கட்டித்தானே போடுவாங்க?"

"ராத்திரி அவுத்து விடுவாங்க. பெரிய இடம். ராஜா மாதிரி இருக்கலாம்."

"அதுக்குப் பின்னங்கால் சரியில்லைங்க. வெறும் மண்ணுல, மழையில, எத்தனை நாள் தாங்கும்?"

அவன் டம்ளரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தான். மாமனாரின் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன துரை, வனவாசம் போறியாமே? போறப்ப சொல்லிட்டுப் போ."

துரை என்பது நாயின் பெயர். மூலையில் தன் பாயில் படுத்திருந்தது, தன் பெயரைக் கேட்டு ஒரு காதை மட்டும் தூக்கியது. நகம் தரையைக் கீறாமலிருக்க அதன் நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை மாட்டியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு இருக்கிற நாய். விடுதி வாசலில் ஒரு மழை நாளில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த ஒரே சீர் இதுதான் என்று மாமியார் உயிரோடிருந்தபோது சொல்லிச் சிரிப்பாள்.

தரை அவள் கணவனின் சொந்த உழைப்பு. அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பெரிய வீடுகளுக்குப் போவான். அங்கெல்லாம் வாசல் மிதியடியிலேயே நிற்கச் சொல்வார்கள். பூட்ஸைக் கழற்றினாலும், உள்ளே வர வேண்டாம், தரை மரம், அழுக்குப் படும் என்று ஒரு பெண்மணி சொன்னதை வீட்டுக்கு வந்து ஒரே ஒருமுறை சொன்னான், பிறகு சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் பலகை வாங்கத் தொடங்கினான். விடுமுறை நாட்களில் ஒவ்வொரு அறையாக அவனே போட்டான். ரம்பத்தூள் தலைமுடியில், இமையில், சோற்றுத் தட்டில் எல்லாம் கிடந்தது. முடிந்த அன்று விளக்கைக்கூடப் போடாமல் நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கைகளைப் பலகையின் மேல் வைத்துக்கொண்டான். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் அடுக்களைக்குள் போய்விட்டாள். ஒருவன் அப்படிக் கிடப்பதைப் பார்த்த பிறகு அவனிடம் தரை பெரிதா உயிர் பெரிதா என்று கேட்க முடியாது. அவள் கேட்டதும் இல்லை.

கேட்க முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கறை நாயினுடையது அல்ல.

அவளுக்கு அது ஒரே நாளில் தெரிய வந்தது. நாய்க்குத்தான் ஏதோ கோளாறு என்று அவளும் நம்பியிருந்தாள். விடியும்போதே அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். மருத்துவர் பகல் முழுக்க நாயை வைத்திருந்து ரத்தம் எடுத்தார், சிறுநீர் எடுத்தார். சாயங்காலம், "கிட்னி, மூத்திரப்பை எல்லாம் நல்லாருக்கும்மா. இந்த வயசுக்கு ஆச்சரியம்தான்" என்றார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது மாமனார் அறை வாசலில் நின்றிருந்தார். அவர் காலடியிலிருந்து கூடம் வரை ஈரம்.

"வா, வந்து பாரு, உன் துரை பண்ணி வெச்சிருக்கிற வேலைய. மத்தியானத்துலேருந்து இப்படியே கிடக்கு" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் நாய் அவள் தோளில் கிடப்பதைப் பார்த்தார். அதன் முன்னங்காலில் மயிர் மழித்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். இல்லாவிட்டால் அவராவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"துடைச்சுடறேன் மாமா" என்றாள்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமனார் ரயில் ஓட்டியவர். இஞ்சினில் கழிப்பறை கிடையாது என்பது அவர் எந்தப் புது மனிதரிடமும் சொல்கிற முதல் விஷயம். "ஏறி உக்கார்றவனுக்குப் பெட்டிக்குப் பெட்டி கட்டி வெச்சிருக்கான். ஓட்டுறவனுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா கேட்டுப் பாருங்க, அதுக்காகன்னு ஒரு ஸ்டேஷன்ல ஒரு நிமிஷம் கூட நிறுத்தினவன் இல்ல நான்." சாப்பாட்டு மேசையில் இப்படிச் சொல்லும்போது மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள். "வாங்கின மெடலைச் சொல்றாரு பாரு, சோறு திங்கிற இடத்துல." எல்லோரும் சிரிப்பார்கள். அந்த மனிதர் இப்போது இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். படுக்கையிலிருந்து குளியலறை கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தை அவரால் தாண்ட முடியவில்லை.

அவள் வேலை செய்வது மருந்துக் கடையில். பெரியவர்களுக்கான டயபர் வாங்க வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூட்டம் குறையும்வரை பற்பசையைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகு பக்கத்தில் வந்து, "வீட்ல ஒருத்தருக்கு" என்பார்கள். அவள் கேள்வி கேட்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். ஒருநாள் தனக்கே அப்படி ஒரு பொட்டலம் சுற்றிக்கொண்டு வந்து, மாமனார் இல்லாத நேரத்தில் அவருடைய அலமாரியில், துண்டுகளுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் பொட்டலம் பிரிக்கப்பட்டு, உள்ளிருந்தவை எல்லாம் நாயின் பாய்க்கடியில் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. "துரைக்கு வாங்கினதையெல்லாம் என் அலமாரியில வெச்சா எப்படி?" என்று நாயைப் பார்த்துச் சொன்னார். "என்ன துரை, மெத்தை நல்லா இருக்கா?" நாய் வாலை ஆட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கணவனிடம் சொல்லப் பார்த்தாள். "மாமாவை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டலாமாங்க?"

"அப்பாவுக்கு என்ன? என்னைவிட ஸ்ட்ராங்கா இருக்காரு. நீ வேற அக்கா காதுல எதையாவது போட்டு வெக்காத. ஹோம்ல சேர்க்க அவ ஒரு சாக்குதான் தேடிக்கிட்டு இருக்கா."

ஹோம் என்ற சொல் அந்த வீட்டில் சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. மாமனாரோடு வண்டி ஓட்டிய நண்பர் ஒருவர் அப்படி ஓர் இடத்தில் இருந்தார். ஒருமுறை எல்லோருமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆள் வந்து அவருக்குத் துணி மாற்றிவிட்டுப் போனபோது கதவு திறந்தே இருந்தது. திரும்பி வந்த அன்று மாமனார் நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் முதுகைத் தடவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "துரை, என்னை அந்த மாதிரி கொண்டுபோய் விட்டாங்கன்னா தண்டவாளத்துல எங்க போய் நிக்கணும்னு எனக்குத் தெரியும். எந்த வளைவுல நின்னா டிரைவருக்கு முன்னாடியே ஆள் தெரியாதுன்னும் தெரியும். அவனும் பாவம்தான். பிரேக் போட நேரமே இருக்கக் கூடாது. இருந்தா, நாம போட்டது பத்தலையோன்னு அவன் வாழ்நாள் பூரா நினைச்சுக்கிட்டே கிடப்பான்."

கணவன், "அப்பா, சும்மா இருங்க" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் ரயிலின் முன்னால் வந்து நின்றவர்களைப் பற்றி அவர் அதற்கு முன்பு ஒருநாளும் பேசியதில்லை.

ஆகவே அவள் துடைத்தாள். வேறென்ன செய்வாள்? வாடையைத் தின்னும் திரவம் வாங்கி வந்து தெளித்தாள். சமையல் சோடாவைத் தூவி வைத்துக் காலையில் பெருக்கி எடுத்தாள். வினிகர் ஊற்றப்போய் வார்னிஷின் பளபளப்பு செத்தது. புண்ணுக்குப் போடும் பெராக்சைடை வைத்துப் பார்த்தபோது கறை போகவில்லை, சுற்றியிருந்த நல்ல மரம்தான் எலும்புபோல் வெளுத்தது. ஒவ்வொரு முறையும் கணவன் நாயைத் திட்டினான். நாய் அவன் குரலைக் கேட்டு, செய்யாத குற்றத்துக்குத் தலையைத் தாழ்த்தியது. அதைப் பார்க்க முடியாமல் அவள் தன் தலையையும் தாழ்த்திக்கொண்டாள். ஒரு வாய் வார்த்தை சொன்னால் நாய் பிழைக்கும். சொல்லாவிட்டால் கிழவர் பிழைப்பார். இந்தக் கணக்கை யாரிடம் கொண்டுபோய்ப் போடுவது?

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது கணவன் ஒரு சின்ன டார்ச்சைக் காட்டினான். பூச்சி மருந்து அடிக்க வருகிறவர்கள் வைத்திருப்பது, ஒரு வீட்டில் இரவல் வாங்கியிருந்தான். "ஊதா வெளிச்சம் வரும். ஜன்னலைச் சாத்திட்டு அடிச்சா, எங்கெல்லாம் போயிருக்கோ அங்கெல்லாம் மஞ்சளா மின்னும். துடைச்சாலும் தெரியுமாம். சாயங்காலம் வந்து பாக்கறேன். எத்தனை பலகை மாத்தணும்னு மொத்தமா தெரிஞ்சுடும்."

"நாளைக்குத்தான் துரை போகப்போகுதே, இப்ப எதுக்கு?"

"போனப்புறம்தானே மாத்த முடியும்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ அழாத. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றான்.

அவன் போன பிறகு அவள் வாளியோடு மாமனாரின் அறைக்குப் போனாள். கட்டிலருகிலிருந்து தொடங்கி, பிழிந்த துணியால் குளியலறைப் பக்கமாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்.

"இங்க எதுக்கும்மா துடைக்கிற? துரைதான் இந்தப் பக்கமே வரமாட்டானே."

அவள் துணியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, தரையைப் பார்த்தே சொன்னாள். "சாயங்காலம் ஒரு லைட் அடிச்சுப் பாக்கப் போறாராம் மாமா. துடைச்சாலும் தெரியுமாம். எங்கேருந்து எங்க வரைக்கும்னு எல்லாம் தெரியுமாம்."

அவர் செய்தித்தாளை நான்காக மடித்தார். பின் எட்டாக மடித்தார். "நல்லாக் கழுவிட்டா?" என்றார்.

"தண்ணி ஊத்தக் கூடாது மாமா. மரம் ஊறிடும்."

அவளுக்கு மதியம் வரை கடை இருந்தது. போனாள். கல்லாவில் நிற்கும்போதெல்லாம் அந்த மடித்த செய்தித்தாள் கண்ணுக்குள் வந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முதலில் சத்தம் கேட்டது. விளக்குமாறு ஈரத்தில் இழுபடும் சத்தம். மாமனார் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டித் தன் அறையைக் கழுவிக்கொண்டிருந்தார். பணிமனையில் இஞ்சினைக் கழுவுவதுபோல, கையை வீசி, மூச்சு வாங்கி, தண்ணீரைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் வாழ்ந்த இடமெல்லாம் சிமெண்டும் கல்லும்தான். அழுக்கு என்றால் தண்ணீர், அசிங்கம் என்றால் இன்னும் நிறையத் தண்ணீர். தள்ளிய தண்ணீர் முழுக்கப் போய்ச் சேரவில்லை. பலகைகளின் இடுக்குகளில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, காலுறைகள் நனைந்து தொங்கின.

"மாமா!"

அவர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "சுத்தமாயிடுச்சு பாரு" என்றார். "சொட்டு இல்ல."

அவள் வீட்டிலிருந்த துண்டுகள், போர்வைகள், தன் பழைய உடைகள், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். மண்டியிட்டு அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டி வலிக்க, ஒரு துண்டை அழுத்தினார். இருவருடைய கைகளும் ஒரே பலகையின் மேல் இருந்தன. அழுத்தும்போது இடுக்கிலிருந்து நுரையாக நீர் மேலே வந்தது, கையை எடுத்ததும் மறுபடியும் உள்ளே போனது. அவர் எதையோ சொல்ல வருவதுபோல் தொண்டையைச் செருமினார். அவள் காத்திருந்தாள். அவர் துண்டைப் பிழிந்தார். வேலை முடிந்ததும் அவருக்கு உலர்ந்த கால்சட்டையும் வெள்ளைக் காலுறையும் எடுத்துக் கொடுத்தாள், நாய்க்கும் புதுசு மாட்டினாள். அவர் போய்ச் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்து, தன் அறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்கிறவர்போல.

கணவன் வந்ததும் காலுக்கே ஈரம் தெரிந்துவிட்டது. குனிந்து தொட்டுப் பார்த்தான். பலகைகளின் ஓரங்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தன.

"யாரு தண்ணி ஊத்தினது?"

"நான்தான்" என்றாள் அவள். "நாத்தம் போகலன்னு கழுவிவிட்டேன்."

"கழுவினியா? இது என்ன மாட்டுக் கொட்டகையா? இத்தனை நாள் துடைச்ச உனக்குத் தெரியாதா?" குரல் உடைந்தது. கோபத்தைவிட அவமானப்பட்டவன்போல் நின்றான். "ஒரு நாயைக் காப்பாத்த வீட்டையே மூழ்கடிப்பியா நீ?"

மாமனார் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவன் ஜன்னல்களைச் சாத்தினான், திரைகளை இழுத்தான். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்ததால் கூடம் சட்டென்று இருண்டது. டார்ச்சைப் போட்டான். முதலில் நாயின் காலுறைகள் நான்கும் நீலமாகப் பற்றிக்கொண்டன, பிறகு மாமனாரின் பனியன், அவர் காலுறைகள். வெள்ளைத் துணியெல்லாம் அப்படித்தான் மின்னும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாயின் பாயைத் தூக்கி அடித்துப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. சுற்றிலும் அடித்தான். அங்கும் இல்லை.

"எங்கதான் போகுது இது" என்று முணுமுணுத்தபடி கூடத்தின் வளைவுக்கு வந்தான். அங்கே தொடங்கியது. ஊற்றிய தண்ணீர் எல்லாவற்றையும் கரைத்து இடுக்குகளில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அதனால் திட்டுத்திட்டாக இல்லாமல் கோடு கோடாக மின்னியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, மாமனாரின் நாற்காலிக்கு அடியில் புகுந்து, அறைக்குள் ஓடின. அவன் அவரைத் தாண்டி, கோட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனான். கோடுகள் கட்டிலில் தொடங்கிக் குளியலறைக் கதவில் முடிந்தன. அவன் கதவருகே நின்றான். டார்ச்சைத் திருப்பிக் கட்டில்வரை மெதுவாகக் கொண்டுபோனான். மறுபடியும் கதவுக்குக் கொண்டுவந்தான். எந்த நாயும் குளியலறையைத் தேடி ஓடாது.

அவள் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றிருந்தாள். இனித் தான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்று தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு கணம் உடம்பு லேசானது. அது லேசானதற்காக உடனே தன்னை வெறுத்தாள்.

கணவன் வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். டார்ச் தரையைப் பார்த்துத் தொங்கியது. அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"நாய்தான்" என்றான்.

மாமனார் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாய்தான்பா. சந்தேகமே இல்ல. ரூம் பூரா பண்ணி வெச்சிருக்கு."

"என்னங்க" என்றாள் அவள்.

"சொன்னேன்ல. நாய்தான்." இந்த முறை அவளைப் பார்த்துச் சொன்னான். ஊதா வெளிச்சத்தில் அவன் கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அது அவளிடம் எதையோ இரந்தது. "நாளைக்குக் காலைல அவன் வந்துடுவான். தட்டு, கயிறு எல்லாம் எடுத்து வெச்சிடு."

பிறகு அவள் கொஞ்சமும் எதிர்பாராததைச் செய்தான். டார்ச்சைத் தரையில் வைத்தான். வாளியருகே கிடந்த துணியை எடுத்து, முறுக்கிப் பிழிந்தான். மண்டியிட்டு, அப்பாவின் கட்டிலிலிருந்து துடைக்கத் தொடங்கினான். அவனுக்கே தெரியும், துடைத்தால் போகாது. ஆனாலும் மரத்தின் வரியோடு, ஒவ்வொரு பலகையாக, தொட்டால் நோகுமோ என்பதுபோல் துடைத்துக்கொண்டே வந்தான். நாற்காலி வரை வந்தான். அப்பாவின் கால்களுக்கு முன்னால் ஒரு கணம் கையை நிறுத்தினான்.

மாமனார் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். அவன் அடியில் கையை விட்டுத் துடைத்தான். மகனின் தலை அவர் முழங்காலுக்கு வெகு அருகில் இருந்தது. அவருடைய கை எழுந்தது, பாதியில் நின்றது, திரும்பவும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது. அவர் வாய் திறந்து மூடியதை அவள் கண்டாள். ஒரே ஒரு சொல் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு அவள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள், கழுத்துப்பட்டை விரல்களில் வெட்டும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

மகன் துடைத்துவிட்டுக் கூடத்துப் பக்கம் நகர்ந்து போய்விட்டான். ஈரத்துணி உரசும் சத்தம் இருட்டில் தள்ளித் தள்ளிக் கேட்டது. தரையில் கிடந்த டார்ச்சின் வெளிச்சத்தில் மாமனாரின் இரண்டு காலுறைகள் மட்டும் நீலமாகத் தெரிந்தன. அவர் இன்னும் கால்களைக் கீழே வைக்கவில்லை. அவை பலகைக்குக் கொஞ்சம் மேலே, எதன் மேலும் படாமல், நடுங்கிக்கொண்டு நின்றன.